தவிட்டுக்குள் பன்றி இறைச்சி

1845-ல் லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர், மேற்கே ஒரிகானுக்கும் கலிபோர்னியாவுக்கும் குடிபெயர்வோருக்காக ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டார். அதில் ஒரு மளிகைப் பட்டியல் இருக்கிறது. ஆளுக்குக் குறைந்தது 200 பவுண்டு மாவு, 150 பவுண்டு பேக்கன் எனப்படும் உப்பிட்ட பன்றி இறைச்சி, 20 பவுண்டு சர்க்கரை, 10 பவுண்டு காப்பி, 10 பவுண்டு உப்பு. நம் கணக்கில் மாவு 90 கிலோ, இறைச்சி 68 கிலோ. மிசௌரி மாநிலத்திலிருந்து ஒரிகான் வரை ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். மாட்டு வண்டியில் நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். அதுவும் கோடை வெயிலில்.

இந்தப் பட்டியலில் காய்கறியோ பழமோ மீனோ கிடையாது. கெடக்கூடியது எதையும் அவர் சேர்க்கவில்லை. மாவு உலர்ந்தது, இறைச்சி உப்பேறியது, சர்க்கரையும் உப்பும் தாமே கெடாதவை, பிறவற்றைக் கெடாமல் காப்பவையும்கூட. அந்த வகையில் ஹேஸ்டிங்ஸ் விவரமானவர்தான். ஆனால் அதே நூலில் அவர் பரிந்துரைத்த குறுக்குவழியை நம்பி 1846-ல் புறப்பட்ட டோனர் குழுவினர், சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கி, 87 பேரில் ஏறக்குறைய பாதிப் பேரை இழந்தார்கள். பட்டியலில் தேறியவர் பாதையில் தேறவில்லை.

ஹேஸ்டிங்ஸின் நூலுக்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1859-ல், ராண்டால்ஃப் மார்சி என்ற ராணுவ கேப்டன் எழுதிய கையேடு இன்னும் நுணுக்கமானது. பேக்கனைப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் தவிட்டைத் திணித்துவிடுங்கள் என்றார் அவர். தவிட்டுக்கும் பன்றிக்கும் என்ன உறவு? பேக்கனில் பெரும்பகுதி கொழுப்பு. வெயிலில் அது உருகி ஒழுகினால் இறைச்சியின் கவசமே போய்விடும். தவிட்டின் செதில்களுக்கு இடையே கோடிக்கணக்கான காற்றுப் பொட்டுகள் உண்டு. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. புல்வெளியின் இரவு குளிர்ச்சியானது. அந்தக் குளிர்ச்சியைப் பெட்டி பகலிலும் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்று தெர்மோகோல் பெட்டிக்குள் மீன் பயணம் செய்வதும் இதே விதிப்படிதான்.

மார்சி சொன்ன இன்னொரு யோசனையைப் படித்தால் நமக்குச் சிரிப்பு வரும். வெண்ணெயை நன்றாகக் காய்ச்சுங்கள், மேலே வரும் நுரையை எடுத்துக்கொண்டே இருங்கள், எண்ணெய்போலத் தெளிந்ததும் தகரக் குப்பியில் ஊற்றி மூடிப் பற்றவைத்துவிடுங்கள், தெற்கு டெக்சாஸின் வெக்கையிலும் அது நெடுநாள் கெடாது என்கிறார். நெய் உருக்கச் சொல்லித்தருகிறார் மனிதர்! காரணமும் நமக்குத் தெரிந்ததே. வெண்ணெயில் சுமார் 16 சதவீதம் தண்ணீர். அதோடு பாலின் புரதமும் சர்க்கரையும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். கிருமிகளுக்கு அதுவே விருந்து. காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், புரதம் நுரையாகவும் கசடாகவும் பிரியும். மிஞ்சுவது வெறும் கொழுப்பு. அதில் பாக்டீரியா வளர வழியில்லை. அந்த வெண்ணெயைக் கடையக்கூடக் குடிபெயர்ந்தோர் மெனக்கெடவில்லை. காலையில் கறந்து குடித்தது போக மிஞ்சிய பாலை வாளியில் ஊற்றி வண்டியில் தொங்கவிட்டால், மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கிய குலுக்கலில் மாலைக்குள் வெண்ணெய் திரண்டிருக்கும்.

உணவு கெடுவதற்குத் தண்ணீர் வேண்டும் என்பது பழைய அறிவு. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, இருக்கும் தண்ணீரில் எவ்வளவு கிருமிக்குக் கிடைக்கிறது என்பதே முக்கியம் என்ற தெளிவு 1950-களில்தான் வந்தது. ஆஸ்திரேலியாவின் வில்லியம் ஸ்காட் போன்ற நுண்ணுயிரியலாளர்கள் அதை அளவிட்டுக் காட்டினார்கள். தூய நீருக்கு 1 என்று மதிப்பு வைத்தால், பச்சை இறைச்சிக்கு ஏறக்குறைய 0.99. இந்த எண் 0.91-க்குக் கீழே இறங்கினால் உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை முடங்கிவிடும். 0.6-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் பெருகாது. உப்பு கொஞ்சம் நீரை வெளியே இழுக்கிறது, மிஞ்சியதைத் தன்னோடு கட்டிப்போட்டுவிடுகிறது. உப்பு முழுவதுமாகக் கரைந்து செறிந்த நீரின் மதிப்பு 0.75. ஈரமாகவே இருக்கும், ஆனால் பாக்டீரியாவுக்கு அது பாலைவனம். சர்க்கரைப் பாகும் இதே வேலையைச் செய்கிறது, அளவுதான் அதிகம் வேண்டும்.

இந்த எண்களெல்லாம் தெரியாமலேயே குடியேறிக் குடும்பங்கள் ஒரு கருவி வைத்திருந்தன. அது முட்டை. உப்புநீரில் புது முட்டையைப் போட்டு, அது மிதந்தால் இறைச்சி ஊறவைக்கப் போதுமான உப்பு ஏறிவிட்டது என்று கணக்கு. புது முட்டையின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம். நீரில் பத்து சதவீதத்துக்கு மேல் உப்பு கரைந்தால்தான் அது மேலே வரும். ஆய்வகத்தில் அடர்த்திமானி செய்யும் வேலையைக் கோழி செய்து கொடுத்தது. பழைய முட்டையைப் போட்டால் கணக்குத் தப்பிவிடும். அதற்குள் காற்றறை பெரிதாகியிருக்கும், உப்புக் குறைந்த நீரிலும் மிதந்துவிடும். புது முட்டைதான் வேண்டும் என்று வற்புறுத்தியதில் அர்த்தம் இருந்திருக்கிறது.

பயணம் முடிந்து நிலத்தில் குடியமர்ந்த பிறகுதான் உண்மையான சேமிப்பு தொடங்கும். 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டம் குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை கொடுத்தது. அந்த நிலம் காலி நிலமாக இருக்கவில்லை என்பதைச் சொல்லாமல் கடக்க முடியாது. பூர்வகுடிகள் வாழ்ந்த, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட மண் அது. அந்தப் பூர்வகுடிகளிடம் இருந்த சேமிப்புக் கலைக்குப் பிறகு வருகிறேன். முதலில் பன்றி.

பன்றியை அடிக்க நவம்பர் கடைசி, டிசம்பர் வரை காத்திருப்பார்கள். பண்டிகை வருகிறது என்பது மட்டும் காரணமல்ல. உப்பைத் தடவியவுடன் அது உள்ளே போய்விடாது. மேற்பரப்பிலிருந்து எலும்பை நோக்கி மெல்ல மெல்ல ஊடுருவும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும், ஊடுருவலின் இயற்பியல் அப்படி. உப்பு வெளியிலிருந்து உள்ளே வருவதற்குள் எலும்பை ஒட்டிய சதையில் பாக்டீரியா பெருகிவிடக் கூடாது. குளிர் அந்தக் கிருமிகளை மந்தமாக்கி உப்புக்கு அவகாசம் வாங்கித் தரும். ஆனால் கடுங்குளிரும் ஆகாது. இறைச்சி உறைந்து பனிக்கட்டியானால் உப்பு நகராது. உறைநிலைக்குச் சற்று மேலே, சில டிகிரிக்குள், வாரக்கணக்கில் நிற்கும் பருவம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. வானிலை அறிக்கை இல்லாத காலத்தில் அதைக் கணித்துக் கத்தியைத் தீட்டியதுதான் குடும்பத் தலைவியின், தலைவனின் திறமை. திடீரென்று வெயில் அடித்தால் தொடைக்கறி முழுவதும் எலும்போரத்தில் புளித்து நாறும். வெளியே பார்த்தால் தெரியாது, வெட்டினால்தான் தெரியும்.

நூறு பவுண்டு இறைச்சிக்கு எட்டு பவுண்டு உப்பு, இரண்டு பவுண்டு சர்க்கரை, இரண்டு அவுன்ஸ் வெடியுப்பு என்பது பண்ணைகளில் வழங்கிய ஒரு கணக்கு. ஓர் அங்குலக் கனத்துக்கு ஏழு நாள் ஊற வேண்டும் என்பது தோராய விதி. கணுக்காலில் எலும்பு வெளியே தெரியும் இடத்தில் உப்பை விரலால் அழுத்தித் திணிப்பார்கள். கெடுதல் அந்த மூட்டோரத்தில்தான் தொடங்கும் என்று அனுபவம் சொல்லியிருந்தது.

இதில் வெடியுப்பு வேடிக்கையானது. துப்பாக்கி மருந்தின் மூலப்பொருளான பொட்டாசியம் நைட்ரேட் அது. இறைச்சி சாம்பல் நிறமாக மாறாமல் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்தார்கள். நடந்தது அதைவிடப் பெரியது. இறைச்சியிலேயே வாழும் தீங்கற்ற சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு தசையின் நிறமியோடு சேர்ந்துதான் அந்த ரோஜா நிறம் வருகிறது. அதே நைட்ரைட், காற்றில்லாத இடத்தில் வளர்ந்து உலகின் கொடிய நச்சுகளில் ஒன்றைச் சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவையும் தடுக்கிறது. அழகுக்குப் போட்டது உயிரைக் காத்தது.

உப்பு ஏறிய பிறகு புகை. லாரா இங்கல்ஸ் வைல்டர் விஸ்கான்சின் காட்டில் கழிந்த தன் குழந்தைப் பருவத்தை வைத்து 1932-ல் எழுதிய நூலில், உள்ளீடற்ற மரத்தண்டை நிமிர்த்தி வைத்து, உள்ளே மான் கறியைத் தொங்கவிட்டு, கீழே பச்சை ஹிக்கரிச் சிராய்களைப் புகையவிட்டதை விவரித்திருக்கிறார். மரம் அரிதான புல்வெளிகளில் சோளத்தட்டையின் கதிர்த்தண்டை எரித்துப் புகை போட்டவர்களும் உண்டு. புகையில் பீனால்கள், ஃபார்மால்டிஹைடு, கரிம அமிலங்கள் எல்லாம் இருக்கின்றன. அவை மேற்பரப்பில் படிந்து பூஞ்சையைத் தடுக்கின்றன, கொழுப்பு காறிப்போவதைத் தாமதிக்கின்றன, ஈயை அண்டவிடுவதில்லை. கூடவே வெப்பம் மேல்தோலை உலர்த்துகிறது.

இங்கேதான் எனக்கு இந்தக் கதையின் சாரம் தெரிகிறது. அந்தத் தொடைக்கறியில் உப்பு மட்டும் போதுமான அளவு இல்லை. வெடியுப்பு மட்டும் போதாது, புகை மட்டும் போதாது, குளிர் மட்டும் போதாது. ஒவ்வொன்றும் அரைகுறைத் தடை. ஒரே தடையை முழுதாக வைத்தால் உணவு வாயில் வைக்க முடியாதபடி உப்புக் கரிக்கும், அல்லது கல்லாகக் காயும். பல அரைத் தடைகளை அடுக்கினால் கிருமி ஒவ்வொன்றையும் தாண்டுவதிலேயே களைத்துச் சாகும், மனிதனுக்குச் சுவையும் மிஞ்சும். ஜெர்மனியின் இறைச்சி ஆய்வாளர் லோத்தர் லைஸ்ட்னர் 1970-களில் இதற்குத் தடைக் கோட்பாடு என்று பெயர் சூட்டினார். இன்றைய உணவுத் தொழிற்சாலைகள் அதன்படியே பொட்டலங்களை வடிவமைக்கின்றன. பெயர் இல்லாமலேயே பண்ணைக் குடும்பங்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அதன் மேல்தான் வாழ்ந்தன.

அவர்களுக்கும் முன்பாக அந்த மண்ணின் மக்கள். மிசௌரி ஆற்றங்கரையில், இன்றைய வடக்கு டகோட்டாவில் வாழ்ந்த ஹிடாட்சா இனத்தின் பஃபலோ பேர்ட் உமன் என்ற மூதாட்டி, தன் மக்களின் உழவு முறைகளைச் சொல்லச் சொல்ல மானுடவியலாளர் கில்பர்ட் வில்சன் எழுதி 1917-ல் வெளியிட்டார். ஏணி வைத்து இறங்கும் ஆழத்தில், ஜாடி வடிவத்தில், வாய் குறுகலாக ஒரு குழி. சுவரை ஒட்டி உலர்ந்த புல். அதற்குள் பின்னிய மக்காச்சோளக் கதிர்கள், நடுவே உதிர்த்த சோளம், அந்தச் சோளத்துக்கும் நடுவில் பூசணி வற்றல் சரங்கள். ஏன் அந்த வரிசை என்றால், பூசணி வற்றல்தான் ஈரத்தை எளிதில் இழுத்துக் கெடும். அதனால் அதற்கு நடு இடம், சோளமே அதற்கு அரண். மேலே மூடி, புல், மண் போட்டு, குழி இருப்பதே தெரியாதபடி சாம்பல் தூவிவிடுவார்கள். மூடிய குழிக்குள் தானியம் மூச்சுவிட்டு ஆக்ஸிஜனைத் தீர்த்துக் கரியமில வாயுவை நிரப்பும். பூச்சிகள் அதில் பிழைப்பது கடினம். 1804-ன் குளிர்காலத்தில் லூயிஸ், கிளார்க் தலைமையிலான அமெரிக்க அரசின் ஆய்வுக் குழு பட்டினி கிடக்காமல் தப்பியதற்கு, பக்கத்துக் கிராமங்களில் வாழ்ந்த மாண்டன் மக்களிடம் வாங்கிய சோளம் பெரிய காரணம்.

சமவெளியின் இன்னொரு படைப்பு பெமிக்கன். காட்டெருமைக் கறியை மெல்லிய கீற்றுகளாக உப்புக்கண்டம்போல உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, ஏறத்தாழ அதே எடைக்கு உருக்கிய கொழுப்பை ஊற்றிப் பிசைந்து, எருமைத்தோல் பையில் அடைப்பார்கள். சில வேளை உலர்ந்த பெர்ரிப் பழமும் சேரும். பை ஒன்று ஏறக்குறைய 90 பவுண்டு. உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம். காய்ந்த கறியில் கிருமிக்குத் தண்ணீர் இல்லை, கொழுப்பு ஈரத்தையும் காற்றையும் உள்ளே விடாது. ஆண்டுக்கணக்கில் கெடாது. கனடாவின் உரோமத்தோல் வணிகம் பெருமளவு இந்தப் பைகளின் மேல்தான் நடந்தது. 1814-ல் செந்நதிக் குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டோனல் பெமிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை விதித்தார். அதனால் வணிகர்களோடு மூண்ட பகை முற்றி 1816-ல் ஏழு ஓக்குகள் என்ற இடத்தில் நடந்த மோதலில் அடுத்த ஆளுநர் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கெடாத உணவு எவனிடம் இருக்கிறதோ அவன் கையில் அதிகாரம் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை. 1880-களில் காட்டெருமைகள் கிட்டத்தட்ட அழிக்கப்பட்டதும் பெமிக்கனும் முடிந்தது.

காய்கறிகளுக்கு நிலவறை. தரைக்கு இரண்டு மூன்று மீட்டர் கீழே போனால் கோடையும் குளிரும் மங்கி, அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே மண் இருக்கும். வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் அது சுமார் பத்து டிகிரி. பள்ளம் தோண்டி, கூரை போட்டு, மேலே புல்மண் பரப்பினால் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் கேரட்டும் வசந்தம் வரை தாங்கும். கேரட்டை ஈர மணலில் புதைப்பார்கள், சுருங்காமல் இருக்க. ஆப்பிளைத் தள்ளி வைப்பார்கள், ஏனென்றால் பக்கத்தில் வைத்தால் கேரட் கசக்கும். ஆப்பிள் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது என்று விஞ்ஞானம் நிறுவியது 1934-ல்.

முட்டைக்கோஸை மெல்லியதாகச் சீவி, எடையில் இரண்டு இரண்டரை சதவீதம் உப்புப் போட்டு இடித்துப் பீப்பாயில் அழுத்தி, மேலே கல் வைத்துவிடுவார்கள். ஜெர்மானியக் குடும்பங்கள் கொண்டுவந்த பழக்கம் இது. உப்பு கெட்ட பாக்டீரியாவைத் தடுத்து லாக்டிக் அமிலம் சுரக்கும் வகைக்கு வழிவிடும். அமிலம் ஏற ஏற மற்றவை சாகும். வைட்டமின் சி-யும் பெருமளவு தங்கும். உப்புக்கறியும் ரொட்டியும் மட்டும் தின்று குளிர்காலத்தைக் கடத்தியவர்களின் ஈறுகள் ஸ்கர்வி நோயால் வீங்கி ரத்தம் கசிந்தபோது இந்தப் பீப்பாய் மருந்துப் பெட்டியாகவும் இருந்தது.

பகல் குறையும் குளிர்காலத்தில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். அதனால் கோடை முட்டையைச் சுண்ணாம்புத் தெளிநீரில் போட்டு வைத்தார்கள். ஓட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே கசியும் கரியமில வாயு சுண்ணாம்போடு வினைபுரிந்து, அந்தத் துளைகளையே அடைத்துக்கொள்ளும். கழுவிய முட்டைக்கு இது பலிக்காது. கோழி ஓட்டின் மேல் பூசி அனுப்பும் மெல்லிய படலம் தண்ணீரில் போய்விடும்.

ஏரி, குளம் பக்கத்தில் இருந்தவர்கள் ஜனவரியில் பனிக்கட்டியை ரம்பத்தால் அறுத்து மரத்தூளிலோ வைக்கோலிலோ புதைத்தார்கள். ஒரு கிலோ பனிக்கட்டி உருக உறிஞ்சும் வெப்பம், அதே அளவு தண்ணீரைச் சுழியத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதும். குவியல் பெரிதாக இருந்தால் கோடை முழுக்கத் தாங்கும். இதே மரத்தூள் வித்தையைக் கொண்டு பாஸ்டனின் ஃபிரடெரிக் டியூடர் 1833-ல் கல்கத்தாவுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பினார். அந்த வணிகத்துக்காகச் சென்னை கடற்கரையில் 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

இவ்வளவு சாமர்த்தியமும் எல்லா ஆண்டும் கைகொடுத்ததாக நினைக்க வேண்டாம். 1880-81 குளிர்காலத்தில் டகோட்டாவின் டி ஸ்மெட் என்ற ஊரில் பனிப்புயல்கள் ரயிலை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டன. ரயில் சரக்கை நம்பியிருந்த மக்கள் விதைக் கோதுமையைக் காப்பிக்கொட்டை அரைக்கும் கைப்பொறியில் அரைத்து ரொட்டி சுட்டார்கள். ரயில் வந்த பிறகு வீட்டு இருப்பின் மேல் கவனம் தளர்ந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கடைசியாக வந்தது கண்ணாடி ஜாடி. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க்காரர் உணவைப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் முறையைக் கண்டு, 1810-ல் 12,000 ஃபிராங்க் பரிசு பெற்றார். ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது. பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் விளக்கியது 1860-களில். நடுவே 1858 நவம்பர் 30 அன்று ஜான் லாண்டிஸ் மேசன் திருகு மூடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார். பழம், தக்காளி, பாகு எல்லாம் பண்ணை வீட்டு அலமாரியில் வண்ண வண்ணமாக ஏறின.

இங்கே ஒரு பள்ளம் இருந்தது. பழத்தில் அமிலம் உண்டு, பீன்ஸிலும் சோளத்திலும் இறைச்சியிலும் இல்லை. பாட்டுலினம் பாக்டீரியாவின் வித்துகள் நூறு டிகிரி கொதிநீரில் மணிக்கணக்கில் இருந்தாலும் சாவதில்லை. பிறகு காற்றில்லாத, உப்பில்லாத, அமிலமில்லாத ஜாடிக்குள் அவை முளைத்து நச்சைச் சுரக்கும். நிறத்திலும் மணத்திலும் எதுவும் தெரியாமலும் போகலாம். பழைய முறைகளில் நாலைந்து அரைத் தடைகள் அடுக்கியிருந்தன. இங்கே வெப்பம் என்ற ஒரே தடை, அதுவும் போதாத வெப்பம். 1917-ல் அமெரிக்க வேளாண் துறை, அமிலம் குறைந்த உணவுகளை அழுத்தக் கலத்தில்தான் பதப்படுத்த வேண்டும் என்று சொன்னது. அழுத்தத்தால் கொதிநிலை 115 டிகிரிக்கும் மேலே ஏறும்போதுதான் அந்த வித்துகள் நியாயமான நேரத்தில் சாகும்.

எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்க்கு இந்தக் கவலை இல்லை. அமிலத்தன்மையின் அளவான பிஎச் 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தப் பாக்டீரியா முளைக்காது. ஆனால் பீன்ஸையோ காளானையோ கறியையோ வெந்நீரில் அவித்துக் காற்றுப்புகாமல் அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் வைக்கச் சொல்லும் காணொளிகள் இப்போது நிறைய உலவுகின்றன. பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைக்கச் சொல்வதும் அந்த வகைதான். அவற்றைப் பார்த்துச் செய்யாதீர்கள். செய்துவிட்டிருந்தால், ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.